ஹாக்கி டர்ஃப்: தண்ணீரா, மணலா?

ஒரு பள்ளிக்கோ நகராட்சிக்கோ ஹாக்கி டர்ஃப், அதாவது செயற்கைப் புல்தரை, போடப் பணம் ஒதுக்கினால் முதலில் எழும் கேள்வி, "இன்டர்நேஷனல் தரம்தானே?" என்பது. ஆமாம் என்று பதில் வந்தால் அது பெரும்பாலும் தண்ணீர் ஊற்றி ஆடும் டர்ஃப். ஒலிம்பிக்கும் உலகக் கோப்பையும் அதில் நடந்து வந்ததால் எல்லோருக்கும் அதன் மேல்தான் கண். தினமும் காலையிலும் மாலையிலும் நூறு பிள்ளைகள் ஓடுகிற மைதானத்துக்கும் அதுவே சரியா என்று யாரும் நின்று யோசிப்பதில்லை.

டர்ஃப் வேண்டும் என்ற ஆசையில் தவறே கிடையாது. 1975-இல் கோலாலம்பூரில் புல்தரையில் உலகக் கோப்பையை வென்ற இந்தியா, அடுத்த வருடமே மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரையில் ஏழாவது இடத்துக்குப் போனது. அதற்குத் தரை மட்டுமே காரணம் இல்லை. ஆனால் மேடு பள்ளமான புல்லில் பந்தை மட்டையோடு ஒட்டி வைத்து நாலு பேரைத் தாண்டும் கலைக்கு இருந்த மதிப்பு, பந்து நேர்கோட்டில் பறக்கும் தரையில் வேகத்துக்கும் நீண்ட பாஸுக்கும் கைமாறிவிட்டது. சிறு வயதிலேயே அந்த வேகம் பழகாத பிள்ளை பின்னால் எவ்வளவு உழைத்தாலும் சிரமம்தான். ஆகவே டர்ஃப் கட்டாயம் வேண்டும். எந்த டர்ஃப் என்பதில்தான் என் வாதம்.

முதலில் நீர் டர்ஃப். புல் மாதிரி நிற்கும் பிளாஸ்டிக் இழை குட்டையானது, 10 முதல் 13 மில்லிமீட்டர் வரை. மிக நெருக்கமாக, சுருள் சுருளாக இருக்கும். சுருள் இருப்பதால் பந்து எந்தத் திசையில் போனாலும் ஒரே மாதிரி ஓடும். நடுவில் மணலோ ரப்பர் துகளோ இருக்காது. அதற்குப் பதில் தண்ணீர்தான். நனைந்த தரையில் பந்து துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போகும். விழுந்து சறுக்கினால் தோல் அவ்வளவாகச் சிராயாது. திரும்பும்போது கால் தரையில் ஒட்டிக்கொள்ளாது. வெயிலில் தரையும் குளிர்ந்திருக்கும். ஆட்டத்தின் சுகம் என்று பார்த்தால் இதற்கு இணை இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

சரி, எவ்வளவு தண்ணீர்? ஆடுகளம் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். சுற்றியுள்ள ஓரத்தையும் சேர்த்தால் 6,000 சதுர மீட்டருக்கு மேல். ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நனைக்கவே 6,000 லிட்டர் வேண்டும். மூன்று மில்லிமீட்டர் என்றால் 18,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஒன்றரை. அது ஒரு தடவைக்கு. இடைவேளையில் மறுபடி நனைக்க வேண்டும், மே மாத வெயிலில் அதற்குள்ளேயே காய்ந்துவிடும். 2019 கோடையில் சென்னையில் குடங்களோடு வரிசையில் நின்றவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. இதற்கு மேல் நிலத்தடித் தொட்டி, மோட்டார், பீய்ச்சும் துப்பாக்கிகள், மின்சாரம் எல்லாம் இருக்கின்றன. உப்பு நீராக இருந்தால் இழையில் வெள்ளை படியும். நிழல் விழும் ஓரங்களில் பாசி பிடிக்கும்.

நடைமுறையில் என்ன ஆகிறது? திறப்பு விழா நாளில் நனைப்பார்கள், போட்டி நாளில் நனைப்பார்கள். மற்ற நாளெல்லாம் பிள்ளைகள் காய்ந்த நீர் டர்ஃபில்தான் ஆடுகிறார்கள். எல்லாத் தேர்விலும் மோசமானது இதுதான். பந்து இழுபடும், மட்டை இழையில் சிக்கும், திரும்பும்போது ஷூ ஒட்டிக்கொண்டு முழங்காலும் கணுக்காலும் முறுகும். விழுந்தால் தோல் உரிந்துவிடும். உராய்வில் இழையும் சீக்கிரம் தேயும்.

அடுத்தது மணல் தூவிய டர்ஃப். இதில் இழை கொஞ்சம் உயரம். அடியிலிருந்து முக்கால் பங்குவரை மணல் நிற்கும், நுனி மட்டும் மேலே தெரியும். பந்து அந்த நுனிகளின் மேல் ஓடுகிறது. நனைந்த தரையின் வேகம் வராது, ஆனால் நேராகவும் நம்பும்படியும் ஓடும். பள்ளிப் பிள்ளை பந்தை நிறுத்தவும் தள்ளவும் கற்றுக்கொள்ள அது தாராளமாகப் போதும். சர்வதேச ஹாக்கி சம்மேளனத்தின் தர வகைகளிலும் இதற்கு இடம் உண்டு. குறை இல்லாமல் இல்லை. சறுக்கினால் சிராய்ப்பு நிச்சயம், மட்டையின் அடியும் வேகமாகத் தேயும்.

மணல் விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். உருண்டையான, கழுவிக் காயவைத்த சிலிக்கா மணல்தான் போட வேண்டும். விலை குறைவு என்று எம்-சாண்டைக் கொட்டினால் கல்லை உடைத்துச் செய்த அதன் கூர்முனைகள் இழையை அறுக்கும், தூசி இறங்கி வடிகால் துளைகளை அடைக்கும். அப்புறம் முதல் மழையிலேயே மைதானம் குளமாகும். வாராவாரம் பிரஷ் இழுப்பதும் அவசியம். கோலுக்கு முன்னால் 'D' வடிவில் வரைந்திருக்கும் டி வட்டத்தின் உச்சியைக் குனிந்து பாருங்கள். பெனால்டி கார்னரில், அதாவது எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் கோல் வாய்ப்பில், பந்தை நிறுத்துபவரும் அதை மட்டையால் இழுத்து வீசும் டிராக் ஃபிளிக் அடிப்பவரும் தினமும் காலை ஊன்றும் இடம் அது. மணல் அங்கிருந்து ஒதுங்கி ஒரு சின்ன வரப்பாகக் கிடக்கும். நடுவே இழை மணலின் தாங்கல் இல்லாமல் ஒரே பக்கம் படுத்திருக்கும். அந்த மணலை உடனே பரப்பிவிட்டால் தரை பிழைக்கும், ஒரு சீசன் விட்டால் அந்த இடம் வழுக்கை.

மணல் முழுக்க நிரப்பிய மூன்றாவது வகை, ஃபுட்பாலும் மற்ற விளையாட்டுகளும் ஒரே தரையில் ஆட வேண்டிய இடத்துக்கு. ஹாக்கிக்கு மட்டும் என்றால் வேண்டாம்.

இழையின் பொருளையும் கேட்டுக்கொள்ளுங்கள். 1966-இல் ஹூஸ்டன் அஸ்ட்ரோடோமில் விரித்த முதல் புகழ்பெற்ற டர்ஃப் நைலான். உறுதி அதிகம், மிதித்தாலும் நிமிர்ந்துவிடும், விலையும் அதிகம். இன்று அதிகம் வருவது பாலிஎத்திலீன். தோலுக்கு மென்மையானது. பாலிப்ரொப்பிலீன் மலிவு, ஆனால் சொரசொரப்பு. வெயிலைத் தாங்கும் சேர்மானம் சரியாக இல்லாவிட்டால் நம் ஊர் சூரியனில் பொடியாகும்.

இப்போது நான்காவதாக ஒன்று வந்திருக்கிறது. பாரிஸ் ஒலிம்பிக்கில் கொலொம்ப் மைதானத்தில் விரித்த டர்ஃப், இழையின் பெரும்பகுதி கரும்பிலிருந்து எடுத்த பாலிஎத்திலீனால் ஆனது, முந்தையவற்றைவிடக் குறைந்த நீரில் ஆடக்கூடியது. அதே வகையை 2023-இல் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பைக்காக எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் போட்டார்கள். இந்தியா அங்கேதான் இறுதிப் போட்டியில் மலேசியாவை 4-3 என்று வென்றது. மாநில அகாடமி, பெரிய போட்டி நடத்தும் மைதானம் என்றால் என் வாக்கு இதற்கே. கோவில்பட்டி மாதிரி ஹாக்கி ஊறிய ஊர்களில் இப்படி ஒரு தரை இருப்பது நியாயம், பராமரிக்க ஆளும் நீரும் இருந்தால். மற்றப் பள்ளி, கல்லூரி, நகராட்சி மைதானங்களுக்கு மணல் தூவியதுதான்.

எதைத் தேர்ந்தாலும் டெண்டரில் காசைக் குறைக்கக் கூடாத இடம் அடியில் உள்ள மெத்தை. ரப்பர் துகளைப் பசையில் குழைத்து அந்த இடத்திலேயே ஊற்றிப் பரப்பும் அது கண்ணுக்குத் தெரியாது என்பதால் முதலில் அதில்தான் கை வைக்கிறார்கள். பிள்ளைகளின் முழங்காலைக் காப்பது அதுதான். மேலே உள்ள கம்பளத்தைச் சுமார் பத்து வருடத்தில் மாற்றித்தான் ஆக வேண்டும். மெத்தை நன்றாக இருந்தால் புதுக் கம்பளத்தையும் அதன் மேலேயே விரித்துக்கொள்ளலாம்.