பூனை தத்தெடுத்த ரெஃப்யூஜ் ரிவ்யூ, கூடவே அந்த ஏழு நாள் ரூலுக்குப் பின்னாடி இருக்கிற மாட்டு டாக்டர்

நாங்க பிரான்ஸ்ல, பாரிஸ் பக்கத்துல சார்செல்ல இருக்கோம், பூர்வீகம் பாண்டி. போன மாசம் பாரிசுக்கு வெளியில ஒரு ரெஃப்யூஜ்ல (ஆதரவில்லாத மிருகங்கள வச்சுப் பாத்துக்கற காப்பகம்) இருந்து பூனை தத்தெடுத்தோம். சொந்தக்காரங்க ரெண்டு மூணு பேர் எப்படி இருந்துச்சுன்னு கேட்டுட்டே இருக்காங்க, அதான் மொத்தத்தையும் எழுதிடறேன்.

மொதல்ல குறையச் சொல்லிடறேன். போன் எடுக்கவே மாட்டாங்க. மூணு நாள் அடிச்சுப் பாத்துட்டு நேராவே கெளம்பிப் போயிட்டோம், சனிக்கிழமை மதியம், நல்ல கூட்டம், மழையில ஒன்றரை மணி நேரம் வெளிய நிக்க வேண்டியதாப் போச்சு, கார் நிறுத்தவும் எடம் இல்ல. இதுக்குத்தான் ஒரு ஸ்டார் கொறச்சேன். மத்த நாலும் முழு மனசோட குடுக்கறேன்.

உள்ள ஒரு வாலண்டியர் அம்மா, அறுபது வயசுக்கு மேல இருக்கும், உக்கார வச்சு கேள்வி மேல கேள்வி. வீடு எத்தன சதுர மீட்டர், எத்தனாவது மாடி, ஜன்னலுக்கு வலை போட்டிருக்கா, பகல்ல வீட்ல யாராவது இருப்பாங்களா. ஆகஸ்ட்ல ஊருக்குப் போவீங்களே அப்போ பூனைய யார் பாத்துப்பான்னு கேட்டப்ப எங்ககிட்ட பதிலே இல்ல. அங்கருந்தே, எங்க பக்கத்து ஊர் கார்ழ்ல இருக்கிற என் நாத்தனாருக்கு போன் போட்டு, அவங்க சரின்னு சொன்னதுக்கப்புறம்தான் அந்தம்மா அடுத்த பக்கத்தையே திருப்பினாங்க.

நாங்க பாத்தது ஏழு வயசு பூனை, கருப்பு வெள்ளை. வளத்தவங்க இறந்துட்டாங்களாம். காதுக்குள்ள அடையாளத்துக்கு பச்சை குத்தின எழுத்து பாதி மங்கிப்போய் இருந்துச்சு. எம் பொண்ணு கம்பிக்குள்ள வெரல நீட்டினா, அது ரொம்ப நேரம் மோந்து பாத்துட்டு நெத்தியக் கொண்டு வந்து வெரல்ல வச்சுது. அவ்ளோதான், இதுதான்னு முடிவாயிடுச்சு. ஆனா அன்னைக்கு கூட்டிட்டு வர முடியாது. ஒரு உறுதிமொழி பத்திரம் குடுத்தாங்க, அதுல பூனைக்கு என்னென்ன தேவை, எவ்ளோ செலவாகும், அடையாளத்துக்கு சிப்போ பச்சையோ கட்டாயம்னு எல்லாம் இருக்கு, இதோட தேவைகளுக்கு மதிப்பு குடுப்பேன்னு கையாலயே எழுதி கையெழுத்து போடணும், போட்டு ஏழு நாள் கழிச்சுதான் பூனை கைக்கு வரும். பொண்ணு வர வழியெல்லாம் அழுதா. எனக்கும் அந்த நேரத்துல எரிச்சலாத்தான் இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து இந்த ரூல் எங்கருந்து வந்துச்சுன்னு தேடினேன். 2021 நவம்பர் 30 தேதியிட்ட சட்டம், பத்திரம் மட்டும் 2022 அக்டோபர்ல இருந்து அமலுக்கு வந்துச்சு. இதுக்குப் பின்னாடி முக்கியமா இருந்தவர் லோயிக் தோம்ப்ரெவால்னு ஒருத்தர், தொழிலே கால்நடை மருத்துவர், நம்ம ஊர்ல மாட்டு டாக்டர்னு சொல்லுவோமே அது. தெக்க நீஸ் பக்கத்துல வான்ஸ்னு ஒரு ஊர், ஓவியர் மத்தீஸ் வடிவமைச்ச சேப்பல் இருக்கிற ஊர், அங்க 2014ல மேயரானார். 2017ல மக்ரோன் கட்சியில நின்னு டெப்யுத்தே ஆனார், நம்ம எம்.பி. மாதிரி. ரெண்டு பதவியும் சேத்து வச்சுக்கக் கூடாதுன்னு அப்பதான் சட்டம் அமலுக்கு வந்திருந்துச்சு, அதனால மேயர் நாற்காலிய விட்டுட்டார். 2020 ஜூன்ல வீட்டு மிருகங்க, குதிரைங்க நெலமை பத்தி 121 பரிந்துரையோட ஒரு ரிப்போர்ட் குடுத்தார், அடுத்த வருஷமே சட்டம் வந்துடுச்சு, பார்லிமெண்ட்ல அத எடுத்துட்டுப் போன மூணு பேர்ல இவரும் ஒருத்தர்.

அந்த சட்டப்படி 2024 ஜனவரி 1ல இருந்து கடைங்கள்ல நாய் பூனை விக்கக் கூடாது. மிருகத்த தெருவுல விட்டா மூணு வருஷம் ஜெயில், 45,000 யூரோ அபராதம் வரைக்கும் போகலாம். ஊர் ஊரா போற சர்க்கஸ்ல காட்டு மிருகங்களுக்கு 2028 வரைக்கும்தான். டால்ஃபின் ஷோவும் நிக்கணும், அதனாலதான் அவரோட மாவட்டத்துலயே இருந்த ஆந்தீப் மரீன்லேண்ட்ங்கிற கடல் மிருக பார்க்க, 1970ல தொறந்தத, 2025 ஜனவரி 5ல மூடினாங்க. சொந்த மாவட்டத்துல டூரிஸ்ட் கூட்டத்த இழுக்கற எடத்துக்கே அடி விழும்னு தெரிஞ்சும் சட்டத்துக்காக நின்னிருக்கார், அது எனக்கு பெரிய விஷயமா படுது. காளைச் சண்டையையும் வேட்டையையும் அந்த சட்டம் தொடவே இல்ல, அதுல எனக்கு வருத்தம்தான். 2022 தேர்தல்ல அவர் தோத்துட்டார். ஆனா சட்டம் நெலச்சு நிக்குது.

எனக்கு அந்த ஏழு நாள் ஏன் புரிஞ்சுதுன்னா, 2019 டிசம்பர்ல எங்க பில்டிங்ல ஒரு குடும்பம் கடைக்கு கிறிஸ்மஸ் சாமான் வாங்கப் போய் நாய்க்குட்டியோட வந்தாங்க, அவ்ளோ அழகு, மாடிப்படி பூரா ஓடும். அடுத்த ஜூலையில லீவுக்குப் போயிட்டு நாய் இல்லாம திரும்பி வந்தாங்க. எங்கன்னு கேட்டா பேச்ச மாத்திட்டாங்க. அந்த குட்டி முகம் எனக்கு இன்னும் மறக்கல. டேபிள் மேல மிருகத்த வச்சு வைத்தியம் பாத்த அந்த மாதிரி டாக்டருக்குத்தான் தெரியும், தப்பு கடைசியில நடக்கறதில்ல, வாங்கற அந்த பத்து நிமிஷத்துலதான் நடக்குதுன்னு.

நாங்க அந்த ஏழு நாள்ல வலை போட்டோம், பூனை வெளிக்கிப் போக மண் தட்டு வாங்கினோம், பொண்ணு அலமாரியில ஒரு தட்டு காலி பண்ணினா. எட்டாவது நாள் போனப்ப அதே அம்மா ஹெல்த் புக்க ஒவ்வொரு பக்கமா காட்டி, ஊசி தேதி சொல்லி, அது தூங்கின பழைய துணியையும் கூண்டுல மடிச்சு வச்சுக் குடுத்தாங்க. நூறு யூரோவுக்கு மேல ஆச்சு, கருத்தடை ஆபரேஷன், ஊசி எல்லாம் அதுலயே அடக்கம். வீட்டுக்கு வந்த பூனை மொத ரெண்டு நாள் சோஃபாவுக்கு அடியிலதான், அந்த துணிய போட்ட எடத்துக்குதான் மொதல்ல வெளிய வந்துச்சு.

போறவங்க வார நாள்ல போங்க. ஜன்னல் வலைய போட்டோ எடுத்துட்டுப் போங்க, ஆகஸ்டுக்கு யாருன்னு வீட்லயே பேசி முடிச்சுட்டுப் போங்க. குட்டிங்க முன்னாடியே இருக்கும், வயசான பூனைங்கள கடைசி ரூம்ல வச்சிருக்காங்க, அங்கயும் ஒரு தடவ போய்ப் பாருங்க.