வேலூரில் ஆர்டிகிள்ஷிப்: இரண்டு வருஷம் எண்ணிப் பார்த்ததில்

சி.ஏ. படிப்பில் ஆடிட்டர் ஆபீஸில் எடுக்கும் பயிற்சியான ஆர்டிகிள்ஷிப்புக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். ஆபீஸ் பெயரைக் கேட்காதீர்கள், சொல்லப்போவதில்லை. ஊர் வேலூர். மாடிப்படி ஏறினால் முதல் அறையில் ஃபைல் கட்டுகளுக்கு நடுவே நான்கு நாற்காலி. ஃபேனுக்கு நேர் கீழே இருப்பது சீனியருடையது. 2023 ஆகஸ்டில் சேர்ந்து 2025 ஆகஸ்டில் முடித்தேன். பி.காம் படிக்கும் பிள்ளைகள் மாதத்துக்கு இரண்டு பேராவது, "அக்கா, பேங்க் ஆடிட் பக்கம் போகலாமா, ஆர்டிகிள்ஷிப் எப்படி இருக்கும்?" என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அதனால் இது.

விதிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சி.ஏ.வின் நடுக்கட்டத் தேர்வான இன்டரில் இரண்டு குரூப்பும் பாஸ் செய்து, ஐ.சி.ஐ.டி.எஸ்.எஸ். என்கிற கம்ப்யூட்டர், மென்திறன் வகுப்பையும் முடித்தால்தான் சேர முடியும். 2023 ஜூலை 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி 2 ஆண்டு. அதற்கு முன் 3 ஆண்டு இருந்தது. லீவு ஆண்டுக்கு 12 நாள். பயிற்சி முடிந்து 6 மாதம் கழித்துத்தான் ஃபைனல் எழுதலாம். பழைய திட்டத்தில் சேர்ந்த எங்கள் சீனியர் அக்காவுக்கு லீவு என்னைவிடப் பல மடங்கு. நான் காய்ச்சலோடு வந்து உட்கார்ந்திருந்த ஒரு நாளில் அதைக் கணக்குப் போட்டுச் சொல்லி வயிற்றெரிச்சலைக் கிளப்பினார்.

எங்கள் ஆபீஸுக்கு வரி, ஜி.எஸ்.டி. வேலைகளோடு இரண்டு பொதுத்துறை வங்கிக் கிளைகளின் காங்கரன்ட் ஆடிட் இருந்தது. நான் சேர்ந்ததே அதற்காகத்தான். வருஷம் முடிந்து ஏப்ரலில் வந்து பார்க்கிற ஆடிட் வேறு. இது வேலை நடக்க நடக்கவே பார்ப்பது. நேற்றுப் போட்ட கடனை இன்றைக்குப் புரட்டுவோம். ரிசர்வ் வங்கி 1993இல் இதை வங்கிகளுக்குக் கட்டாயமாக்கியது. முந்தின வருஷத்துப் பங்குப் பத்திர ஊழலில் வங்கிகள் பட்ட சூடு அப்போது ஆறியிருக்கவில்லை. காகிதத்தில் இவ்வளவு பெரிய விஷயம். நேரில் பார்த்தால், மேனேஜர் கேபினுக்குப் பின்னால் பழைய பிரிண்டர் வைத்திருந்த மேசையைத் துடைத்துக் கொடுத்து, "இங்க உக்காந்துக்கோம்மா" என்பார்கள். அதுதான் ஆடிட் டிபார்ட்மென்ட்.

யாரும் எதையும் சொல்லித் தர மாட்டார்கள். இதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். முதல் நாள் எங்கள் ஆபீஸ் ஆடிட்டர் சார் என்னிடம் கொடுத்தது ஒரு பச்சை மைப் பேனா, ஒரு செக்லிஸ்ட், போன மாத ரிப்போர்ட். "பார்த்துப் போடும்மா" என்றார். செக்லிஸ்டில் 'இன்ஆப்பரேட்டிவ் அக்கவுன்ட் ரீஆக்டிவேஷன் சரிபார்க்கப்பட்டதா' என்று ஒரு வரி. இரண்டு வருஷம் வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து வரவு செலவு இல்லாத கணக்கு அது. திடீரென்று உயிர் பெற்றால் யார், எதற்காக உயிர் கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும் என்பது எனக்குப் புரிய மூன்று வாரம் ஆனது. அதுவரை டிக் மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த டிக்குகளை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

வேலை பிடிபட்டது நகைக்கடனில்தான். நம் பக்கத்துக் கிளைகளில் நகைக்கடனுக்குப் பஞ்சமே இல்லை. ஸ்ட்ராங் ரூமைத் திறக்க இரண்டு சாவி, இரண்டு ஆள். உள்ளே பாக்கெட்டுகளை எண்ணிக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். அப்புறம் நாம் விரும்பிய சில பாக்கெட்டுகளைப் பிரித்து எடை போடச் சொல்லலாம். எடை போடும்போது ஃபேனை நிறுத்திவிடுவார்கள். காற்றில் தராசு 0.05, 0.07 என்று ஆடிக்கொண்டே இருக்கும். மே மாதம், அக்னி நட்சத்திரம், வேலூர் வெயில், ஜன்னல் இல்லாத அறை. வியர்வை சொட்டுச் சொட்டாக விழ, தராசில் விழுந்துவிடக் கூடாதே என்று முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு எண்ணைப் படிப்பேன்.

அப்படி ஒரு நாள் கல் வைத்த ஆரம் ஒன்று வந்தது. சிவப்புக் கல், நடுவில் பதக்கம். மொத்த எடை, கல் தள்ளிய நிகர எடை என்று இரண்டு கட்டம் இருக்க வேண்டும். இரண்டிலும் ஒரே எண். நகையை மதிப்பிடும் அப்ரைசரைக் கேட்டால் சிரிக்கிறார். அவர் வங்கி ஊழியர் இல்லை, கடனுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குபவர். மேனேஜர் வந்து, "ஏம்மா, அதெல்லாம் அவருக்குத் தெரியும், நீ எண்ணிக்கையப் பாரு" என்றார். எங்கள் அத்தைக்கு இதே மாதிரி ஆரம் உண்டு. பதக்கத்துக்குப் பின்னால் அரக்கு அடைத்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். "அரக்கையும் தங்கம்னு எடுத்துக்கலாமா சார்?" என்று கேட்டேன். திமிராகக் கேட்கவில்லை, பயந்துகொண்டுதான் கேட்டேன். வேறு அப்ரைசரை வைத்து மறுபடி போட்டதில் 6 கிராமுக்கு மேல் குறைந்தது. அப்போது நகை மதிப்பில் 75 சதவீதம்தான் கடன் தரலாம். இந்தக் கடன் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தது. ரிப்போர்ட்டில் என் முதல் சொந்தப் பாரா அது.

இன்னொன்று, விவசாய நகைக்கடன். இதற்கு வட்டி குறைவு, கூடவே சிட்டா அடங்கல் வேண்டும். வங்கிகளுக்கும் இதில் ஆசை உண்டு, ஏனென்றால் கொடுக்கும் கடனில் 18 சதவீதம் விவசாயத்துக்குப் போக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி வைத்த இலக்கு. கடன் ஃபைல்களை வரிசையாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். அடங்கல் ஜெராக்ஸ் ஒன்றில் இடது மேல் மூலையில் ஸ்டேப்ளர் பின்னின் நிழல் சாய்வாக விழுந்திருந்தது. அடுத்த ஃபைலிலும் அதே நிழல், அதே சாய்வு. அதற்கடுத்ததிலும். பதினொரு பேருக்கு ஒரே நிலம். பெயரை மட்டும் வெள்ளைத் தாள் வைத்து மறைத்து மேலே எழுதி ஜெராக்ஸ் எடுத்திருந்தார்கள். சர்வே எண்ணை மாற்றக்கூட யாரும் மெனக்கெடவில்லை.

குறை என்று நான் சொல்வது இங்கிருந்துதான் தொடங்குகிறது. பதினொரு கடனையும் எண் போட்டு எழுதிக்கொண்டு போனேன். சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சில கடன்களில் ஆவணங்கள் முழுமையாக இல்லை, அப்படின்னு போடும்மா. சாஃப்ட்டா போடு" என்றார். ஆடிட்டரை நியமிப்பதும் மாதாமாதம் பீஸ் தருவதும் அந்த வங்கிதானே. நான் வாதாடவில்லை. பாராவை அவர் சொன்னபடி எழுதி, பதினொரு கடன் எண்ணையும் பின்னிணைப்பில் சேர்த்துவிட்டேன். சார் பின்னிணைப்பைப் படிக்கவில்லை, கையெழுத்துப் போட்டார். வங்கியின் மண்டல அலுவலகத்தில் யாரோ படித்திருக்கிறார்கள். அடுத்த மாதம் அந்தக் கடன்கள் சாதாரண வட்டிக்கு மாற்றப்பட்டிருந்தன. சார் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அதற்கப்புறம் பின்னிணைப்புகளையும் படிக்க ஆரம்பித்தார். அரை மார்க் குறைத்தது இதற்குத்தான். மீதி ஒரு மார்க் ஜெராக்ஸுக்கு அனுப்பியது, சொந்தக்காரர் வீட்டு வருமான வரி ரிட்டர்ன் போடச் சொன்னது, எல்லாம் சேர்த்து.

தோல் பதனிடும் டேனரிகளின் ஸ்டாக் ஆடிட்டைச் சொல்லாமல் வடாற்காட்டு ஆர்டிகிள்ஷிப்பைப் பற்றி எழுத முடியாது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் தோல் ஊர்கள். தோல் தொழிலுக்கு வங்கி கொடுக்கும் கடன், குடோனில் இருக்கும் சரக்கை நம்பிக் கொடுப்பது. சரக்கு மதிப்பில், சரக்கைக் கடனுக்குக் கொடுத்தவர்களுக்குத் தர வேண்டியதைக் கழித்து, பொதுவாக 25 சதவீதம் மார்ஜின் தள்ளித்தான் எடுக்க விடுவார்கள். அந்தச் சரக்கு உண்மையிலேயே இருக்கிறதா என்று எண்ணப் போவது நாம். உப்புப் போட்ட பச்சைத் தோல் ஒரு பக்கம், குரோம் ஏற்றி நீலம் பாரித்த வெட் ப்ளூ ஒரு பக்கம். வெட் ப்ளூ காயக் கூடாது என்று பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடியிருப்பார்கள். ஷீட்டைத் தூக்கினால் வரும் வாடையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியாது. அன்றைக்குக் குடியாத்தம் பஸ்ஸில் என் பக்கத்து சீட் கடைசி வரை காலி.

ஒரு டேனரியில் அடுக்கடுக்காக எண்ணிக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் தாத்தா நின்று பார்த்துவிட்டு, "இன்னா பாப்பா, காலைலேர்ந்து எண்ணிகினே கீற?" என்றார். எண்ணிக்கை சரியாகத்தான் வந்தது, வங்கிக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டோடு கிட்டத்தட்ட ஒத்துப்போனது. ஆனால் நான்கு அடுக்குகளில் தோல் ஓரத்தில் வேறு குறி குத்தியிருந்தது. தாத்தாவிடமே கேட்டேன். "அது நம்மளுது இல்ல பாப்பா, வேற ஆளுது. கூலிக்கு ஏத்த வந்துச்சு." ஜாப் ஒர்க்குக்கு வந்த அடுத்தவர் சரக்கைத் தன் சரக்காகக் காட்டியிருந்தார்கள். எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்காத பதிலை அவர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். சாரிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன்: எண்ணி முடிக்கிற வரை கடன் வாங்கிய பார்ட்டி கொடுக்கும் எதையும் சாப்பிடக் கூடாது, தண்ணீர் மட்டும்தான். ஆம்பூர் பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் அடுத்த அறையில் மணக்க, மூன்றரை மணி வரை தோல் எண்ணியிருக்கிறேன்.

மாத ஸ்டைபெண்ட் முதல் வருஷம் 7000, அடுத்த வருஷம் 8500. குடியாத்தத்திலிருந்து தினமும் வந்து போனால் பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்குமே பாதி போய்விடும். ஊருக்குள் டவுன் பஸ் பெண்களுக்கு இலவசம், அது ஒரு நிம்மதி. அப்பா லுங்கித் தறி ஓட்டுகிறவர். இன்டர் கோச்சிங்குக்காக அம்மாவின் சங்கிலி வேறொரு வங்கியில் இருந்தது. ஊரார் நகையை எடை போடும்போதெல்லாம் அது ஞாபகம் வரும். இரண்டாம் வருஷ முடிவில் மீட்டேன். தராசில் போட்டுக் காட்டச் சொன்னதற்கு அந்தக் கவுன்டர்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

யாருக்கு இது சரிப்படும்? சென்னையில் பெரிய ஆபீஸில் ஏ.சி.யில் உட்கார்ந்து எக்செல் பார்க்க ஆசை இருந்தால் வேலூர் வேண்டாம். பொதுத்துறை வங்கியில் இன்டர்னல் ஆடிட் பக்கம் போக வேண்டும், பின்னால் சி.ஏ. முடித்து ஸ்பெஷலிஸ்ட் ஆபீசர் பரீட்சை எழுத வேண்டும் என்கிற எண்ணம் இருந்தால் தாராளமாக வாருங்கள். சேரும் முன் ஆபீஸில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "காங்கரன்ட் ஆடிட் இருக்கிறதா, அதற்கு ஆர்டிகிளை நேரில் அனுப்புவீர்களா?" இழுத்தால் அடுத்த ஆபீஸுக்குப் போங்கள். பெண்களாக இருந்தால் இன்னொன்றும் கேளுங்கள், டேனரியில் பாத்ரூம் வசதியைப் பற்றி ஆபீஸ் முன்கூட்டியே பேசி வைக்குமா என்று. எங்கள் ஆபீஸ் வைக்கவில்லை. நான் சண்டை போட்ட பிறகுதான் போன் செய்து கேட்க ஆரம்பித்தார்கள்.

ஸ்டாக் ஆடிட்டுக்கு ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு போங்கள். நான் முதல் தடவை ஆம்பூரிலேயே வாங்கிய தோல் செருப்போடு போனேன். உப்புத் தண்ணீரில் ஊறி, சாயங்காலத்துக்குள் அடிப்பாகம் வாயைப் பிளந்துவிட்டது.