உதவிப் பேராசிரியர் வேலையில் சேரப்போகிறீர்களா? ஒரிஜினலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்

எம்.இ., எம்.எஸ்சி., பிஎச்.டி. முடித்த கையோடு தமிழ்நாட்டின் சுயநிதிக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பவர்கள் சம்பளத்தைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்கிறார்கள். அது குறைவு என்பது ஊரறிந்த விஷயம், தெரிந்துதான் போகிறார்கள். ஏமாறுவது வேறு இடத்தில்: சேரும் நாளன்று அலுவலக மேசையில் நீட்டப்படும் காகிதங்களில்.

பெரும்பாலும் நடப்பது இப்படி. "அனைத்துத் துறைகளுக்கும் உதவிப் பேராசிரியர்கள் தேவை, நேரில் வரவும், தகுதிக்கேற்ற ஊதியம்" என்று நாளிதழில் விளம்பரம். அரை மணி நேரம் டெமோ, பத்து நிமிடம் கரெஸ்பாண்டென்ட் அறை. "நாளைக்கே ஜாயின் பண்ணிடுங்க." மறுநாள் நிர்வாக அலுவலர் (ஏ.ஓ.) முன்னால் உட்கார்ந்ததும் கேட்பார்கள்: பத்தாம் வகுப்பிலிருந்து கடைசிப் பட்டம் வரை எல்லா ஒரிஜினலும், தேதியும் தொகையும் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட ஒன்றிரண்டு காசோலைகள், நடுவில் விலகினால் மூன்று மாதச் சம்பளம் கட்டுகிறேன் என்று முத்திரைத்தாளில் ஏற்கெனவே அடித்து வைத்த உறுதிமொழி, ஆதார், பான் நகல்கள். பணி நியமன ஆணையைக் கேட்டால், "இன்ஸ்பெக்ஷன் முடியட்டும் சார், டைப் பண்ணித் தர்றோம்." சான்றிதழ் வாங்கிக்கொண்டதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

ஒரிஜினலை ஒப்படைப்பதோ வெற்றுக் காசோலையோ உறுதிமொழியோ எதுவும் சட்டப்படி தேவையில்லை. சான்றிதழ் போலியா என்று பார்க்க வேண்டுமானால் பட்டம் தந்த பல்கலைக்கழகத்துக்கு எழுதி உண்மைத்தன்மைச் சான்று வாங்கலாம், அதற்கு நகல் போதும். கல்லூரியின் இணைப்பு அங்கீகாரத்துக்காக வரும் ஆய்வுக் குழு ஒரிஜினலைப் பார்க்கும் நாளில், காலையில் கொண்டுவரச் சொல்லிவிட்டு மாலையில் திருப்பித் தரும் கல்லூரிகளும் இருக்கத்தான் செய்கின்றன. பீரோவில் வைத்துப் பூட்டுவதற்குக் காரணம் ஒன்றுதான்: நீங்கள் போகக்கூடாது. கல்விச் சான்றிதழ் சந்தைப் பொருள் அல்ல, பாக்கிக்காகப் பொருளைப் பிடித்துவைக்க இடம் தரும் ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவைக் காட்டி அதைப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் நீதிமன்றம் வரை போக முதல்முறை வேலைக்குச் சேர்ந்தவருக்குத் துணிவு வராது என்பது நிர்வாகத்துக்குத் தெரியும்.

காசோலை இன்னும் மோசம். கையெழுத்து போட்ட வெற்றுக் காசோலையில் மற்ற விவரங்களைப் பிறகு வேறொருவர் நிரப்பினாலும், கடனுக்காகக் கொடுத்தது என்ற அனுமானம் அதற்கும் பொருந்தும் என்று 2019இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அது கடனுக்குத் தந்ததல்ல என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்.

அந்தக் காசோலையின் அன்றாடப் பயன் சம்பளத்தைத் திருப்பி எடுப்பது. உதவிப் பேராசிரியருக்கான தொடக்க அடிப்படை ஊதியம் ₹57,700. நிர்வாகத்தின் கணக்கு இது: ஆவணத்தில் அதைக் காட்ட வேண்டும், கையில் ₹20,000தான் தர வேண்டும். எனவே முழுத் தொகையும் வங்கியில் ஏறும், மீதியை ரொக்கமாகத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள், மறுத்தால் மிரட்ட அந்தக் காசோலை இருக்கிறது. சில இடங்களில் ஏ.டி.எம். கார்டும் பின் நம்பரும் அலுவலகத்திலேயே இருக்கும். காட்டிய சம்பளத்துக்கு வருமான வரி விழாமல் போகலாம், ஆனால் நாளை சம்பளப் பாக்கி என்று புகார் கொடுத்தால் உங்கள் பாஸ்புக்கே உங்களுக்கு எதிர்ச்சாட்சி. ரொக்கமாகக் கட்டியதற்கு ஆதாரம் இருக்காது, அதற்காகத்தான் ரொக்கம்.

பெயர் விஷயத்தையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இணைப்பு அங்கீகார ஆய்வுக்கு முன்னால் அவசரமாக ஆள் எடுப்பது, முடிந்ததும் "அடுத்த செமஸ்டர் கூப்பிடறோம்" என்று அனுப்புவது, ஆசிரியர் பட்டியலில் மட்டும் பெயரை வைத்திருப்பது எல்லாம் பழைய வழக்கம். 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்ட புகாரில், அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்பில் உள்ள 224 கல்லூரிகளில் 353 பேர் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் காட்டப்பட்டிருந்தார்கள். இப்படி ஒரு பட்டியல் வெளிவந்தால், தெரிந்து செய்தவரும் தெரியாமல் மாட்டியவரும் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும். பொறியியல் கல்லூரி என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு: அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) இணையதளத்தில் பழைய கல்லூரி உங்களை விடுவித்ததாகப் பதியாதவரை புதிய கல்லூரி உங்களைச் சேர்க்க முடியாது. ரிலீவிங் ஆர்டரைக் கையில் வாங்கினால் பாதி வேலைதான் முடிந்தது, அந்தப் பதிவையும் கேட்டு வாங்குங்கள்.

கோடையில் அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க ஊர் ஊராக அலையவிட்டு, இத்தனை பேரைச் சேர்த்தால்தான் மே மாதச் சம்பளம் என்பதும் உண்டு. அதை யாரும் ஆணையில் எழுத மாட்டார்கள்.

சேரும் முன் செய்ய வேண்டியவை. அங்கே வேலை பார்த்து விலகிய இரண்டு பேரைத் தேடிப்பிடித்து ஒரே கேள்வி கேளுங்கள்: "சர்டிபிகேட் எத்தனை நாளில் கைக்கு வந்தது?" பி.எஃப். பிடிக்கிறார்களா என்றும் கேளுங்கள், பணி அனுபவத்துக்குக் கல்லூரியை நம்பியிராத சாட்சி அந்தப் பதிவு. ஒரிஜினலைக் காட்டுங்கள், சரிபார்க்கட்டும், சான்றொப்பமிட்ட நகல்களைக் கொடுத்துவிட்டு ஒரிஜினலுடன் எழுந்து வாருங்கள். நகல்கள் ஒவ்வொன்றின் குறுக்கே எந்தக் கல்லூரியில், எந்தத் தேதியில், எந்தப் பணிக்காகக் கொடுத்தது என்று எழுதுங்கள், வேறு பட்டியலுக்கு அது போகாது. "எல்லாரும் குடுத்திருக்காங்க, உங்களுக்கு மட்டும் என்ன?" என்பார்கள். உயர்படிப்புக்கும் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) சான்றிதழ் சரிபார்ப்புக்கும் எந்த நேரமும் தேவைப்படும் என்று சொல்லுங்கள். அப்படியும் முடியாது என்றால் வேலையை விட்டுவிடலாம். கடுமையாகத் தோன்றும், ஆனால் ஒரிஜினல் இல்லாமல் அடுத்த வேலைக்கே போக முடியாது.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: சான்றிதழ் தொலைந்துவிட்டதாகக் காவல்துறையில் பதிந்து நகல் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது. அது பொய்ப் புகார், கல்லூரி ஒரிஜினலை எடுத்துக் காட்டிய நிமிடம் குற்றவாளி நீங்கள். எந்தெந்தச் சான்றிதழ், என்ன எண், எந்தத் தேதியில் யாரிடம் கொடுத்தது என்று பட்டியலிட்டு முதல்வருக்கும் செயலருக்கும் ஒப்புகை அட்டையுடன் தபால் அனுப்புங்கள், அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பதினைந்து நாள் கெடு கொடுங்கள். பதில் இல்லையென்றால் கலைக் கல்லூரி என்றால் கல்லூரிக் கல்வி இணை இயக்குநருக்கும், பொறியியல் என்றால் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும், இரண்டிலும் இணைப்புத் தந்த பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் அதன் நகலுடன் மனு. காசோலை கொடுத்திருந்தால் அதே வாரத்தில் அந்த எண்களுக்கு வங்கியில் பணம் நிறுத்தச் சொல்லி எழுதிக்கொடுங்கள். காசோலை திரும்பியதாகப் போடும் வழக்கை அது தடுக்காது, ஆனால் கெட்ட எண்ணத்தில் நிறுத்தவில்லை என்பதற்கு உங்கள் கடிதம் கைகொடுக்கும். வக்கீல் செலவுக்குத் தயங்குபவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.