குமரன் ரோடு சந்து மெஸ்: ராத்திரி எட்டு மணிக்குப் போங்க

திருப்பூர் குமரன் ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கும் இந்த மெஸ்ஸுக்கு என் மதிப்பு 5-க்கு 4. கல் தோசையும் வெங்காயச் சட்னியும் அருமை. சாம்பார் தண்ணி. காபியைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் போவது அங்கே வேலை செய்கிறவர்களுக்காக. தோசைக்கல் வாசலருகே இருக்கிறது. சப்ளையர்கள், பார்சல் கட்டும் அக்கா, டேபிள் துடைக்கும் ஒடிசா பையன் என எல்லாரும் மாஸ்டரைத் தாண்டித்தான் போய்வர வேண்டும். போகிற வருகிற எல்லாருக்கும் அவரிடம் ஒரு வார்த்தை இருக்கும். "சாமி, மூணாம் டேபிள் முறுகல் ரெடி, எடுத்துக்க." "அக்கா, கால் வலி தேவலைங்களா?" அதே குரலில்தான் சப்ளையர் நம்மிடம் வந்து, "வேறென்ன வேணுங்கண்ணா?" என்கிறார். சம்பள நாளான ஒரு சனிக்கிழமை, நல்ல கூட்டத்தில் ஒரு பையன் சாம்பார் வாளியைக் கவிழ்த்துவிட்டான். யாரும் கத்தவில்லை. அக்கா பார்சலை வைத்துவிட்டுத் துணியோடு வந்தார். ஒடிசா பையன் "விடு, விடு" என்று சிரித்தபடி தரையைத் துடைத்தான்.

நான் பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ஓவர்லாக் தையல் மெஷினில் ஒருவர் கடுகடுவென்று உட்கார்ந்தால் செக்கிங் டேபிள் வரைக்கும் அது போய்ச் சேரும். சந்தோஷமும் அப்படியே பரவும். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் பீட்டர் டோட்டர்டெல் 2000-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இரண்டு தொழில்முறை கிரிக்கெட் அணிகள் மோதிய 4 நாளும் வீரர்கள் தங்கள் மனநிலையைக் கையடக்கக் கணினியில் பதிந்தார்கள். கூட ஆடுகிறவர்கள் உற்சாகமாக இருந்தபோது இவர்களுக்கும் உற்சாகம் வந்தது, நன்றாக ஆடுவதாகவும் தோன்றியது. ஆட்டம் யார் பக்கம் சாய்கிறது என்பதைக் கழித்துப் பார்த்தபோதும் இந்தத் தொடர்பு நின்றது. சேர்ந்து செய்கிற வேலையில் அது இன்னும் கூடியது.

இந்த மெஸ்ஸில் அது கண்ணெதிரே தெரிகிறது. மதியம் மூணு மணிக்குப் போனால் இதே ஆட்கள் ஆளுக்கொரு மூலையில் போனோடு உட்கார்ந்திருப்பார்கள், கடையே தூங்கி வழியும். அதனால்தான் கூட்டம் நெரியும் நேரத்தில் போகச் சொல்கிறேன்.

ஏசி ஹால் கட்டி அடுப்பைப் பின்கட்டுக்குக் கொண்டுபோகப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. முதலாளி அண்ணா, ஏசி போடுங்க, தோசைக்கு அஞ்சு ரூபாய் ஏத்திக்குங்க. மாஸ்டரை மட்டும் சுவருக்குப் பின்னாடி தள்ளிடாதீங்க.