கொக்கியில் மட்டும் 916: போலி நகைக்குப் பணம் திரும்பக் கேட்பவர்கள் கவனத்திற்கு

பினாங்கு, கோலாலம்பூர் பக்கம் முகநூல் நேரலையிலும் சில சின்னக் கடைகளிலும் "916, கூலி கம்மி" என்று கைச்சங்கிலி வாங்குகிறவர்கள் இந்த ஏமாற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 916 என்பது 91.6 விழுக்காடு தங்கம், அதாவது 22 காரட். கொக்கி அசல் தங்கமாக இருக்கும், அதில் 916 முத்திரையும் தெளிவாக இருக்கும். ஆனால் சங்கிலி முழுக்க முலாம் பூசிய பித்தளை அல்லது வெள்ளி. விற்பவர் உங்கள் கண்முன்னே கொக்கியைக் கல்லில் உரசி ஆசிட் விடுவார். கோடு அழியாது. வாங்குகிறவருக்கு அதற்கு மேல் என்ன சந்தேகம் வரும்?

கொக்கிக்கு அடுத்த இரண்டு மூன்று வளையங்களை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஒன்றோடொன்று உரசும் உள்விளிம்பில்தான் முலாம் முதலில் தேயும். அங்கே செம்பு நிறமோ வெளிறிய வெள்ளையோ தெரிந்தால் சந்தேகப்படுங்கள். பேங்காக் தங்கம், கொரியா தங்கம் என்று சொல்லியே விற்கும் கவரிங் நகை வேறு விஷயம். அதில் ஏமாற்று இல்லை. ரசீதிலோ புலனச் செய்தியிலோ 916 என்று சொல்லிவிட்டு அதையே கொடுப்பதுதான் குற்றம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். 0.01 கிராம் வரை காட்டும் தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து எண்ணைப் பூஜ்ஜியமாக்குங்கள். நகையை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்க விடுங்கள். 20 கிராம் நகை அசல் 916 என்றால் தராசு ஏறக்குறைய 1.1 காட்டும். வெள்ளி என்றால் 1.9, பித்தளை என்றால் 2.3க்கு மேல். வளையங்களில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தாலும், கல் பதித்திருந்தாலும், உள்ளே பொள்ளலாக இருந்தாலும் கணக்கு தப்பும். டங்ஸ்டன் என்ற உலோகம் தங்கத்துக்குக் கிட்டத்தட்ட சமமான அடர்த்தி கொண்டது என்பதால் கட்டியிலும் தடித்த காப்பிலும் இந்தச் சோதனையை மட்டும் நம்பக்கூடாது. இந்த எண் உங்கள் சந்தேகத்தை உறுதிப்படுத்தும், அவ்வளவுதான். வழக்குக்கு எழுத்து வேண்டும்.

அடகுக் கடையில் உரசிப் பார்த்து வாயால் சொல்வார்கள். அது போதாது. எழுத்தில் அறிக்கை தரும் பரிசோதனைக்கூடத்துக்குப் போய், கொக்கியைத் தனியாகவும் சங்கிலியை மூன்று நான்கு இடங்களிலும் சோதிக்கச் சொல்லுங்கள். அங்கே எக்ஸ்ரே பாய்ச்சி உலோகத்தைக் கண்டறியும் எக்ஸ்ஆர்எஃப் கருவி மேற்பரப்பைத்தான் படிக்கும். முலாம் தடிமனாக இருந்தால் பித்தளையும் 916 ஆகத் தேறிவிடும். தேய்ந்த இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வது அதனால்தான். அறிக்கையில் நகையின் படமும் எடையும் இருக்கட்டும். வெட்டவோ உருக்கவோ விடாதீர்கள். பொருளை நீங்கள் சேதப்படுத்தியதாகச் சொல்லித் திருப்பி வாங்க மறுக்க அதுவே காரணமாகிவிடும்.

இனிதான் பலரும் தோற்கும் இடம். "அக்கா, குடுத்துட்டுப் போங்க, பட்டறைக்கு அனுப்பிப் பாத்துட்டு சொல்றோம்" என்பார்கள். கொடுக்காதீர்கள். நகை கையை விட்டுப் போனால் திரும்பி வருவது வேறு சங்கிலியாக இருக்கலாம், "இது எங்க கடை நகையே இல்ல" என்ற பதிலும் வரலாம். ரசீதில் இருக்கும் நகை இதுதான் என்று காட்ட முடிகிறதா என்பதில்தான் வழக்கே நிற்கிறது. ரசீதில் தேதி, கிராம் எடை, 916 என்ற தரம், கூலி, கடையின் பதிவெண் இருக்க வேண்டும். "கைச்சங்கிலி 1" என்று மட்டும் எழுதிய ரசீதை வாங்கும்போதே மறுத்துவிடுங்கள். ஏற்கெனவே அப்படி வாங்கியிருந்தால் புலன உரையாடல், நேரலைப் பதிவு, பணம் மாற்றிய சான்று எல்லாவற்றையும் இன்றைக்கே சேமியுங்கள்.

வேறு நகையாக மாற்றித் தருகிறோம், வவுச்சர் தருகிறோம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 இன்படி பொருள் விற்பவர் சொன்ன விவரத்தோடு ஒத்திருக்க வேண்டும். தங்கம் இல்லாதது தங்கமாக விற்கப்பட்டால் அதை நிராகரித்துப் பணமாகவே கேட்கலாம். கூலியும் சேர்த்துக் கொடுத்த முழுத் தொகை, அதோடு பரிசோதனைச் செலவும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற பலகை இந்த உரிமையைப் பறிக்காது. ஆனால் தாமதித்தால் நிராகரிக்கும் உரிமை போய்விடும். அறிக்கை கைக்கு வந்ததும் நகையை நிராகரிப்பதாகக் காரணத்தோடு எழுதி, 14 நாள் கெடு வைத்து, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பணம் எண்ணிக் கொடுக்கும் அதே நேரத்தில் நகையை ஒப்படைத்து, கையெழுத்து வாங்குங்கள்.

பதில் இல்லையா? மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போங்கள். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். மனுப் படிவமான படிவம் 1இல் பெயர்ப்பலகையில் உள்ள பெயரை எழுதிவிடாதீர்கள். எஸ்எஸ்எம் (நிறுவனங்கள் ஆணையம்) பதிவில் தேடி, செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் நிறுவனம்) என்றால் நிறுவனப் பெயரையும், தனிநபர் வணிகம் என்றால் உரிமையாளர் பெயரையும் எழுதுங்கள். பெயர் தப்பினால் தீர்ப்பு கிடைத்தும் வசூலிக்கத் திண்டாட வேண்டியிருக்கும். விசாரணை நாளில் நகை, ரசீது, அறிக்கை மூன்றையும் அசலாகக் கொண்டு போங்கள்.

கூடவே உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் தனியாகப் புகார் செய்யுங்கள். பொய்யான தர விவரம் சொல்லி விற்பது வாணிப விவரிப்புச் சட்டம் 2011இன் கீழ் குற்றம். அமைச்சு விற்பவர்மேல் நடவடிக்கை எடுக்கும், உங்கள் பணத்துக்கு மன்றம்தான் வழி. எழுதிக்கொள்ள ஆள் துணை வேண்டும் என்றால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம்.

வணிகம் செய்யாத தனி ஆளிடம் வாங்கியிருந்தால் இந்த மன்றம் எடுக்காது. 5,000 ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவு இருக்கிறது. பணம் அனுப்பியதும் ஆளே காணாமல் போயிருந்தால் அது வேறு அவசரம்: உடனே மோசடிப் புகார் எண்ணான 997க்கு அழைத்து, பிறகு போலீஸ் புகார் செய்யுங்கள். அனுப்பும் முன்பே மோசடிப் புகார் உள்ள கணக்குகளைக் காட்டும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் அந்த வங்கிக் கணக்கைத் தேடிப் பார்ப்பது இன்னும் நல்லது.

மன்றம் தீர்ப்பளித்து 14 நாளுக்குள் விற்பவர் கட்டவில்லை என்றால் அதுவே குற்றம். அபராதம் உண்டு, சிறைத்தண்டனையும் உண்டு. பதினைந்தாம் நாள் மன்றத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். "அடுத்த மாசம் தர்றேன்" என்ற போன் பேச்சுக்காகக் காத்திருக்க வேண்டாம்.