இன்க்விசிஷன் பற்றி இரண்டு ஆவணப்படங்கள்: எது எந்தப் பக்கம் சாய்கிறது?

இன்க்விசிஷன் என்பது கத்தோலிக்க நம்பிக்கையிலிருந்து விலகியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களை விசாரித்துத் தண்டித்த மன்றம். அதைப் பற்றிய இரண்டு படங்களில் ஒன்று, 1994-ல் பிபிசியின் டைம்வாட்ச் வரிசையில் வந்த ‘தி மித் ஆஃப் தி ஸ்பானிஷ் இன்க்விசிஷன்’. கத்தோலிக்கத் தரப்பினர் வாதத்துக்கு முதலில் எடுப்பது இதைத்தான். மற்றது, 2006-ல் கனடாவில் தயாராகி அமெரிக்காவின் பிபிஎஸ்ஸிலும் ஓடிய ‘சீக்ரெட் ஃபைல்ஸ் ஆஃப் தி இன்க்விசிஷன்’, நான்கு பாகம். திருச்சபையை விமர்சிப்பவர்களுக்குப் பிடித்தது. இரண்டும் பொய் சொல்வதில்லை. எதை எண்ணுவது, எதை விடுவது என்பதில்தான் சாய்வு.

பிபிசி படத்தின் பலம் கணக்கு. மாட்ரிட் இன்க்விசிஷனில் செயலாளராக இருந்த யொரேன்டே, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 31,912 பேர் எரிக்கப்பட்டதாக எழுதினார். அதை வைத்துத்தான் நெடுங்காலம் பேச்சு நடந்தது. பிறகு வரலாற்றாய்வாளர்கள் ஹைமே கொன்ட்ரேராஸும் குஸ்தவ் ஹென்னிங்சனும் 1540 முதல் 1700 வரை பிராந்திய மன்றங்கள் தலைமைக்கு அனுப்பிய வழக்குச் சுருக்கங்களை எண்ணினார்கள். சுமார் 44,000 வழக்குகளில் (உருவபொம்மையாக அல்லாமல்) நேரில் எரிக்கப்பட்டவர்கள் 826 பேர்; இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. 350 ஆண்டுகளுக்கும் சேர்த்து 3,000 முதல் 5,000 பேர் என்கிறது படம்.

இங்கேதான் கவனம் வேண்டும். அந்த எண்ணிக்கை 1540-ல் தொடங்குகிறது. மன்றமோ 1478-ல் அனுமதி பெற்று 1481-லேயே செவில்லில் ஆட்களை எரிக்கத் தொடங்கிவிட்டது. யூத மதத்திலிருந்து மாறிய கொன்வெர்சோ குடும்பங்கள் மீது மிகக் கடுமையான அடி விழுந்த முதல் ஐம்பது ஆண்டுகள் அந்த இரண்டு சதவீதத்துக்குள் வரவே வராது.

சித்திரவதைக் கணக்கிலும் இதே கோளாறு. வலென்சியாவில் 7,000 வழக்குகளில் இரண்டு சதவீதம்தான் என்று படம் சொல்லும். அந்த 7,000-ல் தெய்வ நிந்தனை, இருதார மணம் எல்லாம் அடக்கம். டொலேடோவில் 1575–1610 காலத்தில் மதத்துரோகத்துக்குரிய குற்றங்களை மட்டும் பிரித்துப் பார்த்தால், ஏறக்குறைய மூன்றில் ஒருவர் சித்திரவதைக்கு ஆளானார். வகுக்கும் மொத்த எண்ணைப் பெரிதாக்கினால் சதவீதம் தானாகச் சுருங்கும்.

‘சீக்ரெட் ஃபைல்ஸ்’ஸின் தலைப்பே மிகை. முதல் பாகத்துக்கு ஆதாரமான, 14ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் பாமியே ஊர் ஆயராக இருந்த ஜாக் ஃபூர்னியேயின் விசாரணைப் பதிவேடு 1965-லேயே அச்சாகிவிட்டது. 1998-ல் வத்திக்கான் திறந்தது ரோமானிய மன்றத்தின் காப்பகத்தை. ஸ்பானியக் கோப்புகளின் பெரும்பகுதி மாட்ரிட்டில், ஆய்வாளர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. அதைவிடப் பெரிய குறை, பாமியே ஆயரின் மன்றம், அரசர் நியமித்த ஸ்பானிய மன்றம், 1542-ல் தொடங்கிய ரோமானிய மன்றம் மூன்றையும் ஒரே குரலில், ஒரே அமைப்பு போலக் கோத்துவிடுவது. ஃபூர்னியே ஏழாண்டு விசாரணையில் எரிக்க அனுப்பியது ஐந்து பேரை.

ஆனாலும் கணக்கால் காட்ட முடியாததை இது காட்டுகிறது. பதிவேட்டில் பேயாட்ரிஸ் என்ற விதவையின் பையைச் சோதிக்கிறார்கள். பேரன்களின் தொப்புள்கொடி கிடைக்கிறது. வழக்கில் ஜெயிக்க உதவும் என்று வைத்திருந்தாளாம். குடும்ப நம்பிக்கை குற்றச் சான்றாக மாறும் இடம் அது. நான்காம் பாகம்தான் தொடரிலேயே சிறந்தது: 1858-ல் பொலோன்யாவில், வேலைக்காரி ரகசியமாக ஞானஸ்நானம் கொடுத்ததாகச் சொல்லி ஆறு வயது யூதச் சிறுவன் எட்கார்டோ மோர்தாராவைப் பெற்றோரிடமிருந்து பிடுங்கிச் சென்றார்கள். சாவு இல்லை, சித்திரவதை இல்லை. பிபிசி பாணியில் எண்ணினால் இந்த வழக்கின் மதிப்பு பூஜ்யம்.

இவ்வகைப் படம் எதைப் பார்த்தாலும், ஓவியம் திரையில் வரும்போது நிறுத்தி ஆண்டைப் பாருங்கள். அடிக்கடி வரும் ஸ்பானிய ஓவியர் பெருகேட்டேயின் ஓவியத்தில், தோமினிக்கன் துறவற சபையை நிறுவிய புனித தோமினிக் தலைமை தாங்க, மேடையை ஒட்டியே எரிகம்பங்கள் நிற்கும். தோமினிக் இறந்தது 1221-ல். ஓவியம் 15ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. உண்மையில், தீர்ப்பு வாசிக்கும் சடங்கு சதுக்கத்தில். எரித்தது பின்னர் வேறிடத்தில், பெரும்பாலும் ஊருக்கு வெளியே, அரசு அதிகாரிகள். இதை வைத்து ‘திருச்சபை யாரையும் எரிக்கவில்லை’ என்று வாதிடுவதும் ஏமாற்று. தண்டிக்கப்பட்டவரை அரசிடம் ஒப்படைத்தால் என்ன நடக்கும் என்பது ஒப்படைத்தவருக்குத் தெரியும்.

முதலில் பிபிசி, பிறகு ‘சீக்ரெட் ஃபைல்ஸ்’ நான்காம் பாகம், நேரமிருந்தால் மீதி. கோவா இன்க்விசிஷன் (1560–1812) படங்களுக்கு இந்த வரிசை உதவாது. அங்கே வழக்குக் கோப்புகளில் பெரும்பகுதி அழிக்கப்பட்டுவிட்டது. துல்லியமான சித்திரவதைச் சதவீதத்தை யார் சொன்னாலும், கூட்டியோ குறைத்தோ, எந்தக் கோப்பிலிருந்து என்று கேளுங்கள்.