சித்தூரில் ஒரு ஃபிரேம் கடை, அதில் நைட் டிரெய்ன் லேன் படம்

எங்கள் கபடி கிளப் அறையில் மாட்டுவதற்காக அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் டிக் ‘நைட் டிரெய்ன்’ லேன் படம் ஒன்றை சித்தூர் பஜார் பக்கம் ஒரு கடையில் ஃபிரேம் போட்டு வாங்கினோம். சாமி படம், கல்யாண போட்டோ, காலமானவர் படம் இதுதான் அங்கே அன்றாட வேலை. கடைக்கார அண்ணன் முதலில் கேட்டதே “யாருப்பா இவரு?” என்றுதான்.

சொன்னேன். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில் பிறந்து கைக்குழந்தையாகவே குப்பைத்தொட்டியில் போடப்பட்டவர், பூனை கத்துகிறது என்று நினைத்து எட்டிப் பார்த்த எலா லேன் என்ற அம்மாதான் எடுத்து வளர்த்தார். ராணுவத்தில் இருந்துவிட்டு லாஸ் ஏஞ்சல்ஸில் விமானத் தொழிற்சாலையில் எண்ணெய் வழியும் தகடு தூக்கிக்கொண்டிருந்தவர், 1952ல் தன் ஆட்டத்தைப் பற்றி வந்த பேப்பர் கட்டிங்குகளை எடுத்துக்கொண்டு ராம்ஸ் அணி ஆபீசுக்கே நேராகப் போய் வாய்ப்புக் கேட்டார். பந்து வாங்கி ஓடும் இடத்தில் ஏற்கெனவே பெரிய ஆட்கள் இருந்ததால் தடுப்பாட்டத்துக்கு, கார்னர்பேக்காக மாற்றினார்கள். அந்த முதல் சீசனிலேயே 12 ஆட்டங்களில் எதிரணி எறிந்த பந்தை 14 முறை பறித்தார். இப்போது ஒரு சீசனுக்கு 17 ஆட்டம், ஆனாலும் அதை இன்னும் யாரும் தாண்டவில்லை. ரெய்டு போகிறவனுக்குத்தான் கைதட்டல் என்று சோர்ந்துபோகிற எங்கள் கார்னர் பையன்கள் தினமும் பார்க்க வேண்டிய முகம் இது. (கழுத்தில் கை போட்டு ஆளைச் சாய்ப்பார், அந்தப் பிடியை மட்டும் யாரும் கற்க வேண்டாம், பின்னால் அங்கேயே தடை செய்துவிட்டார்கள்.)

கதையைக் கேட்ட பிறகு அண்ணன் வேலை செய்த விதமே வேறு. நாங்கள் கேட்ட பெரிய சைஸில் படம் மங்கிவிடும் என்று 12க்கு 18 அங்குலத்தோடு நிறுத்தச் சொன்னார், கறுப்பு வெள்ளையைக் கலர் ஆக்க மறுத்தார், டியூப் லைட் வெளிச்சம் முகத்தில் அடிக்காத மேட் தாளில் போட்டு சுற்றிலும் வெள்ளை ஓரம் விட்டார். கீழே என்ன எழுதுவது என்பதில்தான் நேரம் போனது. மொத்தம் 68 முறை பந்தைப் பறித்தது, கார்டினல்ஸ், லயன்ஸ் அணிகளில் 1965 வரை ஆடியது, 1974ல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற சாதனையாளர் பட்டியலில் சேர்த்தது எல்லாம் எழுத எனக்கு ஆசை, லேன் பெயரும் ‘1952: 14’ என்பதும் போதும் என்றார் அண்ணன், சரியாகத்தான் இருக்கிறது. தமிழிலும் தெலுங்கிலும் எழுத்தை அச்சுக்கு முன்பே காட்டி ஓகே வாங்கினார், ஸ்கூலில் தெலுங்கு மட்டும் படிக்கும் பிள்ளைகளும் எங்களிடம் உண்டு.

குறை என்றால் பின்னால் அடித்த கொக்கி. கண்ணாடியின் எடைக்கு அது தாங்காது, நாங்களே வேறு மாற்றினோம். சொன்ன நாளில் தரவும் இல்லை. 850 ரூபாய் கொஞ்சம் அதிகம் போலத் தெரிந்தாலும் சட்டம் நல்ல தேக்கு, மூலை இணைப்பில் இடைவெளியே இல்லை. முகூர்த்த மாதத்தில் போகாதீர்கள், போனால் தேதியை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பெரிய கொக்கி வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.